பழைய மீன் தொட்டியும் எங்கள் ஊர் ஈரமும்

ஹட்டன் பக்கம் ஹாம்ஸ்டர் என்கிற எலிச் சாதிச் சின்னப் பிராணியை வளர்க்கிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். கண்டியில் இருந்தோ கொழும்பில் இருந்தோ வாங்கி வருகிறார்கள், வாங்கும்போதே ஒரு சின்னக் கம்பிக் கூட்டையும் தலையில் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். அடியில் நீலத்திலோ ரோஸிலோ பிளாஸ்டிக் தட்டு, உள்ளே கையகலச் சக்கரம், ஒரு ஏணி, அவ்வளவுதான். அந்தக் கூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்காகத்தான், பழைய மீன் தொட்டி ஒன்றை ஹாம்ஸ்டர் வீடாக மாற்றுவது எப்படி என்று எழுதுகிறேன், அதுவும் குறிப்பாக நம்ம மலைநாட்டில் இருக்கிறவர்களுக்காக. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை அப்படியே செய்தால் இங்கே பாதி ஒத்துவராது. அங்கே அவர்களுக்குக் காற்று காய்ந்து கிடக்கிறது. நமக்கு மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் துவைத்த துணியே காய்வதில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது அக்கா மகளுடைய ஹாம்ஸ்டர், பெயர் பட்டாணி. சிரியன் ஹாம்ஸ்டர் என்று சொல்கிற பொன்னிறச் சாதி. வந்த புதிதில் ராத்திரியானால் கம்பியைக் கடிக்கத் தொடங்கிவிடும். டிக் டிக் என்று விடிய விடிய அதே சத்தம், அதே மூலை. "சித்தி, அதுக்குப் பசிக்குதா?" என்று பிள்ளை எழும்பி வந்து கேட்கும். பசி இல்லை. தோண்டுவதற்கு இடம் இல்லை. சுவிட்சர்லாந்தில் பேர்ன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், 2006இல் வெளிவந்த ஆய்வு. ஹாம்ஸ்டர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஒன்றுக்கு 10 சென்டிமீட்டர், மற்றதற்கு 40, இன்னொன்றுக்கு 80 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் படுக்கை, அதாவது தோண்டிப் புகுந்துகொள்கிற நிரப்பல், போட்டுக் கொடுத்தார்கள். 10 சென்டிமீட்டரில் இருந்தவை மற்ற இரண்டு குழுவையும் விட அதிகமாகக் கம்பி கடித்தன, அதிகமாகச் சக்கரத்திலும் ஓடின. கடையில் தருகிற கூட்டின் தட்டில் 10 சென்டிமீட்டர்கூடப் போட முடியாது, தட்டின் உயரமே அவ்வளவு இருக்காது.

இந்தப் பிராணி எங்கே இருந்து வந்தது என்று பார்த்தால் காரணம் விளங்கும். உலகத்தில் வீடுகளில் வளர்கிற பொன்னிற ஹாம்ஸ்டர்கள் கிட்டத்தட்ட எல்லாமே 1930இல் சிரியாவின் அலெப்போ பக்கத்து வயலில் இருந்து இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் தோண்டி எடுத்த ஒரு தாயும் குட்டிகளும் பெருகி வந்தவைதான். அந்த வயல்களில் இன்றைக்கும் இருக்கிற காட்டு ஹாம்ஸ்டர்களின் வளைகளை அளந்து பார்த்தவர்கள் சராசரியாக 65 சென்டிமீட்டர் ஆழம், சிலது ஒரு மீட்டருக்கும் மேல் என்று எழுதியிருக்கிறார்கள். மேலே வெயில் காய்கிற வறண்ட மண், உள்ளே குளிர்ச்சியான வளை. அப்படிப்பட்டதைக் கொண்டுவந்து 1,270 மீட்டர் உயரத்தில், மழையும் பனிமூட்டமுமாக இருக்கிற ஊரில் வைத்திருக்கிறோம். நாம்தான் கொண்டுவந்தோம், அதனால் அதற்கு ஆழமும் வேண்டும், காய்ந்த காற்றும் வேண்டும் என்றால் அதைச் செய்து கொடுப்பது நம்ம பொறுப்பு.

ஆழம் வேண்டும் என்றால் மீன் தொட்டியை விட நல்லது கிடையாது. கண்ணாடிச் சுவர் இருப்பதால் ஒரு அடி உயரத்துக்கு நிரப்பினாலும் வெளியே கொட்டாது, கடித்துத் துளைக்கவும் முடியாது, பக்கவாட்டில் இருந்து வளையை உள்ளே வரைக்கும் பார்க்கலாம். இன்னொரு வசதி, மீன் வளர்ப்பதற்கு உதவாத தொட்டி இதற்கு உதவும். ஒழுகுகிற தொட்டியை யாரும் வாங்க மாட்டார்கள், வீட்டுக்குப் பின்னால் போட்டுவைத்திருப்பார்கள். டிக்கோயாவில் ஒரு வீட்டில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாக்கு போட்டு மூடிக் கிடந்த தொட்டிதான் எங்களுக்குக் கிடைத்தது. நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 6 மில்லிமீட்டர் கண்ணாடி. தண்ணீர் நிரப்பினால் 250 லீற்றருக்கு மேல் பிடிக்கிற அளவு. ஜெர்மனியில் கால்நடை மருத்துவர்கள் ஹாம்ஸ்டருக்குக் குறைந்தது 100 சென்டிமீட்டர் நீளம், 50 சென்டிமீட்டர் அகலம் வேண்டும் என்கிறார்கள். இது அகலத்தில் கொஞ்சம் குறைவு, ஆனால் நீளம் 120ஐத் தாண்டுவதால் தரைப்பரப்பு அதைவிடக் கூடுதல். அடியில் ஒரு கண்ணாடியில் விரிசல் இருந்தால் மட்டும் வாங்காதீர்கள். ஒழுகுவது வேறு, விரிசல் வேறு. சிலிக்கன் விட்டுப்போன மூலை ஒழுகும், அதனால் ஆபத்து இல்லை. விரிசல் விட்ட கண்ணாடி தூக்கும்போது கையோடு வரும்.

தூக்குவதைப் பற்றிச் சொன்னால், ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோ. கணக்குப் போட்டால் எங்கள் தொட்டி வெறுமனே 30 கிலோவுக்கு மேல் வரும். த்ரீவீலரில் கொண்டுவரலாம் என்று நினைக்காதீர்கள், மேடு பள்ளத்தில் ஒரு குலுக்கு போதும். நாங்கள் மரக்கறி லொறி ஒன்றில் அடியில் சாக்கு விரித்து, நடுவில் தொட்டியை வைத்து, இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து கொண்டுவந்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடிக்குள் காற்று போய்வராது, இதுதான் தொட்டியின் பெரிய குறை. ஹாம்ஸ்டர் மூத்திரத்தில் இருந்து அமோனியா வரும், அது கனமான வாயு, கீழே தங்கிவிடும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அமோனியா காற்றை விட லேசானது. மேலே போவதற்கு வழி விட்டால் போய்விடும், வழி விடாவிட்டால்தான் தங்கும். ஈரமும் அப்படித்தான். மூச்சில் வருகிற ஈரம், மூத்திரத்தில் வருகிற ஈரம், தண்ணீர்ப் போத்தலில் சொட்டுகிற ஈரம், எல்லாம் சேர்ந்து போக வழியில்லாமல் நின்றால் ராத்திரி கண்ணாடி குளிரும்போது உள்பக்கம் வியர்த்து வழியும், படுக்கை ஓரத்தில் நனையும், பிறகு பூஞ்சணம். வறண்ட ஊரில் சும்மா ஒரு வலையை மேலே போட்டாலே சமாளித்துவிடலாம். இங்கே முடியாது. ஜூன், ஜூலையில் எங்கள் அறையிலேயே ஈரமானி 85, 90 சதவீதம் என்று காட்டும். அதனால் நம்ம ஊரில் தொட்டியை மாற்றி அமைப்பது என்றால் முக்கால்வாசி வேலை மூடியில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் பிறகு.

முதலில் கழுவினோம். பழைய தொட்டியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பது தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு, அதற்கு வினாகிரி போதும், துணியில் நனைத்து அந்த இடத்தில் ஒட்டிவைத்து கொஞ்ச நேரம் விட்டால் கரண்டியால் சுரண்டாமலே வரும். பினாயில் போன்ற வாசனைக் கிருமிநாசினி எதையும் உபயோகிக்க வேண்டாம், அந்த வாசனை சிலிக்கனில் ஏறினால் லேசில் போகாது, சின்னப் பிராணிக்கு அது நெஞ்சைப் பிடிக்கும். மூலைகளில் சிலிக்கன் நீலமாகவோ பச்சையாகவோ நிறம் மாறி இருந்தால் யாரோ மீனுக்கு மருந்து ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சிலிக்கனை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பழைய சிலிக்கன் மேல் புதிய சிலிக்கன் ஒட்டாது, சுத்தமாகச் சுரண்டி எடுத்த கண்ணாடியில்தான் ஒட்டும். ஹார்ட்வெயார் கடையில் கேட்கும்போது குளியலறைக்குப் போடுகிற, பூஞ்சணம் பிடிக்காத வகையைத் தருவார்கள், அதில் பூஞ்சணக் கொல்லி கலந்திருக்கும், அது வேண்டாம். மீன் தொட்டி ஒட்டுகிற வகை என்று தெளிவாகக் கேளுங்கள். காய்வதற்குக் காற்றில் ஈரம் தேவைப்படுகிற சாமான் அது, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம்ம ஊர் காற்று உதவி செய்கிறது. ஆனாலும் குளிரில் மெதுவாகத்தான் காயும், வினாகிரி வாசனை முழுதாகப் போகும் வரைக்கும் பொறுங்கள்.

பெரிய தொட்டிகளில் மேலே நடுவில் ஒரு குறுக்குக் கண்ணாடி இருக்கும். தண்ணீரின் அழுத்தத்தில் முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் வெளியே வளையாமல் பிடித்துக்கொள்வதற்கு அது. தண்ணீர் இல்லாத தொட்டிக்கு அது தேவையில்லை, கை விடுவதற்குத்தான் இடைஞ்சல். அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் பிட்டராக இருந்தவர், அதை எடுத்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கட்டர் பிளேட்டால் சிலிக்கனை ஓரத்தில் லேசாகக் கீறிவிட்டு, மீன் பிடிக்கிற தங்கூசியை அந்தக் கீறலுக்குள் நுழைத்து, இரண்டு முனையையும் இரண்டு குச்சியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அரம் இழுப்பதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக இழுத்தார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லாமல் துண்டு தனியாக வந்தது. நெம்பி எடுக்கப் பார்த்தால் உடையும், இழுத்து அறுத்தால் உடையாது. நீளவாக்கில் இருக்கிற இரண்டு கண்ணாடிப் பட்டையையும் அப்படியே விட்டுவிட்டோம், மூடி உட்கார அதுதான் மேடை. அதன் ஓரங்களை மட்டும் தண்ணீர் தொட்டு சேண்ட் பேப்பரால் மழுக்கினோம்.

மூடி என்று சொல்கிறேனே தவிர அது தட்டையான மூடி இல்லை. தொட்டிக்கு மேல் உட்கார்கிற, 14 அங்குல உயரமுள்ள வலைப் பெட்டி. ஏன் அவ்வளவு உயரம் என்றால், ஒன்றரை அடித் தொட்டியில் ஒரு அடிக்குப் படுக்கை நிரப்பினால் மிச்சம் இருப்பது ஆறு அங்குலம். சிரியன் ஹாம்ஸ்டர் முதுகு வளையாமல் ஓடுவதற்குச் சக்கரம் 28 சென்டிமீட்டர் விட்டமாவது இருக்க வேண்டும், அதாவது 11 அங்குலம். எங்கே வைப்பது? சக்கரத்துக்காக ஆழத்தைக் குறைப்பது, ஆழத்துக்காகச் சக்கரத்தைக் குறைப்பது, இரண்டும் வேண்டாம் என்றால் மேலே உயர்த்துவதுதான் வழி. அப்படி உயர்த்தும்போது கீழே கண்ணாடி, மேலே நாலு பக்கமும் வலை என்று ஆகிவிடுவதால் காற்றுக்கும் வழி கிடைத்துவிடுகிறது. வலை மேல்பக்கத்தில் மட்டும் இருந்தால் காற்று உள்ளே வந்து போவது குறைவு, பக்கங்களிலும் இருந்தால் ஒரு பக்கம் நுழைந்து மற்றப் பக்கம் போகும். அந்தக் குறுக்குக் காற்றுதான் இந்த ஊரில் படுக்கையைக் காய வைக்கிறது.

சட்டத்துக்கு மரம், சாமான் ஏற்றி வருகிற பலகைத் தட்டுகளை உடைத்து எடுத்தது. இந்தத் தட்டுகளில் ஒரு முத்திரை குத்தியிருக்கும், பார்த்து எடுங்கள். எச்டி (HT) என்று இருந்தால் சூடாக்கிப் பூச்சி கொன்ற மரம், எம்பி (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைட் புகை போட்ட மரம். பல்லால் கொறிக்கிற பிராணிக்கு எம்பி முத்திரை உள்ளதை அண்டவே விடக்கூடாது. முத்திரையே இல்லாததையும் நான் எடுக்க மாட்டேன். சில வீடுகளில் பழைய தேயிலைப் பெட்டி இன்னும் இருக்கிறது, அதை உபயோகிக்கலாமா என்று அக்கா கேட்டாள். ஒட்டுப்பலகை, தகரப் பட்டி, உள்ளே ஈயக் கடதாசி, எல்லாம் பல்லுக்கு அகப்படும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது வேறு விதத்தில் பெறுமதியானது.

வலைக்கு வருவோம். கோழி வலை கூடாது, கண் பெரியது. நுளம்பு வலை கூடாது, ஒரு ராத்திரியில் ஓட்டை போட்டுவிடும். அரை அங்குலக் கண் உள்ள, ஒட்டுப்போட்ட கம்பி வலை போதும் என்று பலர் சொல்வார்கள், வளர்ந்த ஹாம்ஸ்டர் வெளியே வராது என்பது உண்மைதான். ஆனால் நமக்கு உள்ளே இருப்பது வெளியே வராமல் இருந்தால் மட்டும் போதாது, வெளியே இருப்பது உள்ளே போகாமலும் இருக்க வேண்டும். தோட்டப் பக்கம் வீடுகளில் எலிக்குப் பஞ்சமா? சூரியகாந்தி விதையும் தினையும் மணக்கிற பெட்டி அதற்குச் சாப்பாட்டுக் கடை. வீட்டு எலி வந்து படுக்கையில் மூத்திரம் விட்டால் எலிக்காய்ச்சல் வரைக்கும் போகலாம், ஹாம்ஸ்டருக்கும் வரும், அதைத் தூக்கி விளையாடுகிற பிள்ளைக்கும் வரும். சின்னச் சுண்டெலி அரை அங்குலத்தில் நுழைந்துவிடும். அதனால் கால் அங்குலக் கண் வலைதான் எடுத்தோம், விலை கூட, வெட்டுவதும் கஷ்டம், ஆனால் இந்த ஒன்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். துத்தநாகம் பூசின புதிய வலையில் தூள் தூளாகத் துத்தநாகம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் கொறித்தால் உடம்புக்கு ஆகாது, கிளி வளர்க்கிறவர்களுக்கு இது தெரியும். வினாகிரி தொட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைத்த பிறகுதான் அடித்தோம். வலையைச் சட்டத்தின் உள்பக்கம் அடியுங்கள், வெளிப்பக்கம் அடித்தால் மரம் பல்லுக்குக் கிடைக்கும்.

கதவை மேலே வைக்காமல் முன்பக்கம் வைத்தோம். மேலே இருந்து இறங்குகிற கை என்றால் ஹாம்ஸ்டருக்குப் பருந்துதான். பட்டாணி முந்தி கை உள்ளே போனதும் மல்லாந்து பல்லைக் காட்டும். முன்னால் இருந்து, அதன் கண்ணுக்கு நேராகக் கை வரத் தொடங்கின பிறகு மெதுவாக வந்து விரலை மோந்து பார்க்கிறது. பெட்டியின் அடியில் உள்பக்கமாக ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு பட்டை இறக்கி அடித்திருக்கிறோம், அது தொட்டிக்குள் உட்கார்ந்துகொள்வதால் பூனை பாய்ந்தாலும் பெட்டி நகராது.

படுக்கைக்கு என்ன போடுவது என்பதில்தான் நம்ம ஊரில் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது. மரம் அரிகிற மில்லில் தூள் சும்மா கிடைக்கும், ஆனால் எந்த மரம் எதோடு கலந்திருக்கிறது, மருந்து அடித்த மரமா என்று யாராலும் சொல்ல முடியாது, தூளும் மூக்கில் ஏறும். வீட்டில் பெரியம்மா, "மானாப்புல்லு காய வச்சுப் போடேன், மலையெல்லாம் கெடக்கே" என்றார். தேயிலையைப் பிடுங்கிவிட்டு மண்ணைத் தேற்றுவதற்குத் தோட்டங்களில் நடுகிற புல், கிடைப்பதில் குறைவே இல்லை. கசக்கி மோந்து பார்த்தால் தெரியும், சேரை என்கிற எலுமிச்சைப் புல்லைப் போல எண்ணெய் வாசனை, அந்த வாசனைக்குள் ஒரு சின்னப் பிராணியை ராப்பகலாகப் படுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஒத்துவந்தது அச்சகத்தில் ஓரம் வெட்டும்போது விழுகிற வெள்ளைக் கடதாசிக் கீற்றுகள். மை இல்லாதது, தூள் இல்லாதது, ஈரத்தை உறிஞ்சுவது, ஒரு சாக்கு கேட்டால் தருகிறார்கள். கடதாசி மட்டும் போட்டால் வளை நிற்காது, சரிந்துவிடும். அதனால் ஒரு அடுக்குக் கடதாசி, மேல் ஒரு அடுக்குக் காய்ந்த வைக்கோல்புல், நடுவில் கிழித்த காட்போட், பிறகு மறுபடி கடதாசி என்று அடுக்கி ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே போக வேண்டும். வாசனையில்லாத டிஷ்யூவைக் கிழித்து மேலே போட்டால் அதுவே எடுத்துக்கொண்டு போய்க் கூடு கட்டும், நாம் கட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. தும்புத்தூளை இங்கே தவிர்த்துவிடுங்கள், காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். வெயில் கண்ட நாளில் புல்லைச் சாக்கில் விரித்து நன்றாகக் காய வைத்து, மூடி உள்ள வாளியில் அடைத்து வைத்துக்கொள்வது நல்லது, மழைக்காலத்தில் வாங்குகிற புல் பாதி புழுத்த வாசனையோடுதான் வருகிறது.

ஒரு பக்கம் ஒரு அடி ஆழம், மறுபக்கம் அரை அடி என்று சரிவாக நிரப்பினோம். சக்கரம், தண்ணீர்க் கிண்ணம், மண் பெட்டி மூன்றும் படுக்கைமேல் நேராக நிற்கவில்லை, ஒரு பலகை மேடையில் நிற்கின்றன, மேடையின் கால்கள் அடிக் கண்ணாடி வரைக்கும் போகின்றன. இதை யாரும் விட்டுவிடக் கூடாது. பாரமான எதையும் படுக்கைமேல் வைத்தால், ஹாம்ஸ்டர் அதற்கு அடியில் தோண்டும், தோண்டினால் அது அமுங்கும், உள்ளே இருக்கிற உயிர் நசுங்கும். மண் பெட்டிக்கு ஆற்று மணலைச் சலித்து, கழுவி, சட்டியில் வறுத்து ஆற வைத்துப் போடுகிறோம், அதில் புரண்டுதான் அது குளிக்கும், தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது. ஒளிந்துகொள்ள சிரட்டை, ஒரு பக்கம் வாசல் வெட்டி நார் போகத் தேய்த்தது, காசு இல்லாமல் கிடைக்கிற நல்ல வீடு.

குளிரைப் பற்றி அப்பாவுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். உள்ளே ஒரு பல்ப் போட்டுவிடலாம் என்றார், கோழிக்குஞ்சுக்குப் போடுவது மாதிரி. "அப்பா, இது ராத்திரிப் பிராணி, வெளிச்சம் இருந்தா வெளியவே வராது" என்றேன். சரி, அடியில் சூடாக்கும் பாய் வைக்கலாமா என்றார். தோண்டிக்கொண்டு கண்ணாடி வரைக்கும் போகிற பிராணி அந்தச் சூட்டின் மேலேயே போய்ப் படுக்கும், மேலே ஒரு அடி கடதாசி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் அதுவும் வேண்டாம் என்று முடிவானது. ஹட்டனில் இரவு 13, 14 பாகை என்றால், ஒரு அடிப் படுக்கையும் டிஷ்யூக் கூடும் இருந்தால் அது தன் உடம்புச் சூட்டிலேயே சமாளித்துக்கொள்ளும். தொட்டிக்கு அடியில் மட்டும் ஒரு அங்குல ரெஜிபோம் (தெர்மாகோல்) போட்டோம், மேசையின் சில்லிப்பு ஏறாமல் இருக்கவும், மேசை சமமில்லாத இடத்தில் கண்ணாடி தெறிக்காமல் இருக்கவும். மிகக் குளிர்ந்தால், 5 பாகைக்குக் கிட்டப் போனால், சிரியன் ஹாம்ஸ்டர் உறைநிலைத் தூக்கத்துக்குப் போய்விடும். தொட்டால் சில்லென்று இருக்கும், மூச்சு எப்போதாவது ஒன்று, பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்று குழி தோண்டிவிடுவார்கள். மீசையும் மார்பும் அசைகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள், கையில் வைத்து மெதுவாகச் சூடு கொடுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள். பேராதனையில் கால்நடை மருத்துவ போதனா வைத்தியசாலை இருக்கிறது, மலைநாட்டில் இருக்கிறவர்களுக்குப் போகக்கூடிய தூரம்தான்.

எங்கே வைப்பது என்பதும் பெரிய கேள்வி. நம்ம வீடுகளில் தகரக் கூரை விடியற்காலையில் வியர்த்துச் சொட்டும், தகரம் சேருகிற இடத்துக்கு நேர் கீழே வைத்தால் என்ன வலை போட்டும் பிரயோசனம் இல்லை. வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். விறகடுப்பு இருக்கிற குசினியில் சூடாக இருக்கும் என்று அங்கே வைக்க வேண்டாம், அந்தப் புகை அதன் நெஞ்சுக்குத் தாங்காது. ஜன்னல் வெயிலும் கூடாது. நம்ம ஊர் குளிர்தானே என்று நினைக்கலாம், ஆனால் மலை வெயில் கண்ணாடிக்குள் விழுந்தால் உள்ளே சூடு ஏறும் வேகம் வேறு, ஓடி ஒளிய நிழல் இல்லாமல் மாட்டிக்கொள்ளும்.

பட்டாணி புது வீட்டுக்குப் போன பிறகு கம்பி கடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. வலை மேலே இருக்கிறது, எட்டும், ஆனால் அந்தப் பக்கமே போவதில்லை. கண்ணாடியோடு ஒட்டி ஒரு வளை வந்திருக்கிறது. பகலில் அந்தப் பக்கத்தைக் காட்போட்டால் மறைத்துவிடுவோம், ராத்திரி எடுத்துவிட்டு, மங்கின சிவப்பு வெளிச்சத்தில் பிள்ளையும் நானும் பார்ப்போம். இரண்டு கன்னமும் தோள் வரைக்கும் புடைத்திருக்க வளைக்குள் வரும், முன்கால் இரண்டையும் கன்னத்தில் வைத்துப் பின்னால் இருந்து முன்னால் தள்ளும், ஒவ்வொரு விதையாக வாயில் இருந்து உதிரும், கடைசி விதை வெளியே வந்ததும் தலை சட்டென்று பாதியாகச் சுருங்கிவிடும். பிறகு மேலே கடதாசியை இழுத்து மூடி, மூக்கால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி மேலே போகும். பிள்ளை மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

சுத்தம் செய்வது நினைத்ததை விட லேசு. மூத்திரத்துக்கு ஒரே மூலையைத்தான் அது உபயோகிக்கும், அந்த இடத்தை மட்டும் அடிக்கடி மாற்றினால் போதும். எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிக் கழுவினால் அதன் வாசனை போய்விடும், பதறிப்போகும். மாதம் ஒன்று, ஒன்றரைக்கு ஒரு தடவை மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதிதைக் கலந்து விடுகிறோம். மழைக்காலத்தில் மட்டும் கையை அடி வரைக்கும் விட்டு ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், கண்ணால் பார்த்தால் தெரியாது.

இதே மாதிரித் தொட்டியில் வேறு என்ன வளர்க்கலாம் என்று சில பேர் கேட்டார்கள், ஒரு பையன் கொம்பு ஓணானைக் கேட்டான். ஹோர்ட்டன் சமவெளியிலும் ஹக்கல பக்கத்துக் காட்டிலும் மூக்கில் கொம்போடு இருக்கிற அந்த ஓணான் இலங்கையின் மலைக்காட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. பிடிப்பதும் வைத்திருப்பதும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம், 2019இல் ஜெனீவாவில் நடந்த, காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாட்டில் நம்ம கொம்பு ஓணான்களைச் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் சேர்த்திருக்கிறார்கள், அந்த அளவுக்குக் கடத்தல் நடந்திருக்கிறது. நட்சத்திர ஆமையும் அப்படித்தான், சட்டம் ஒரு பக்கம், வறண்ட பிரதேசத்து ஆமையை இந்த ஈரத்துக்குக் கொண்டுவந்தால் நெஞ்சுச் சளி பிடித்தே செத்துவிடும். தம்பிமாரே, அதுகளைக் காட்டிலேயே போய்ப் பாருங்கள், நல்ல வழிகாட்டியோடு போனால் பாசி பிடித்த மரத்தில் கைக்கெட்டும் தூரத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவெல பக்கம் இருக்கிறவர்கள் இதைச் செய்வதானால் இரண்டு மாற்றம் செய்யுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் துகள் உறைபனி விழுகிற ஊர் என்பதால் படுக்கையை ஒரு அடியோடு நிறுத்தாமல் 15, 16 அங்குலம் வரைக்கும் ஏற்றுங்கள், வலைப் பெட்டியையும் அதற்கேற்ப மூன்று அங்குலம் உயர்த்துங்கள். அந்த மாதங்களில் ராத்திரிக்கு வலைப் பெட்டியின் மூன்று பக்கத்துக்கு மட்டும் கம்பளி போட்டு, முன்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் திறந்தே விடுங்கள், முழுதாக மூடினால் காலையில் கண்ணாடி வியர்த்திருக்கும். தொட்டி இருக்கிற அறையில் ஒரு வெப்பமானியும் ஈரமானியும் சேர்ந்தது வாங்கி வையுங்கள், படுக்கை மட்டத்தில், சுவரில் மாட்டாமல். அறை 10 பாகைக்குக் கீழே போகிற வீடு என்றால் தொட்டியை அந்த இரண்டு மாதத்துக்கும் ஆட்கள் படுக்கிற அறைக்குள் எடுத்துவிடுங்கள், சக்கரச் சத்தம் கேட்காமல் இருக்க அச்சில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் போதும்.